என்ன சமைப்பது, எவ்வளவு வாங்குவது? வீட்டு உணவுத் திட்டமிடல் குறித்த ஓர் ஆய்வு

இந்தியக் குடும்பங்களின் மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு கால் நூற்றாண்டாகக் குறைந்து வந்திருக்கிறது. 1999-2000இல் கிராமத்துக் குடும்பம் செலவழித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 59 ரூபாய் உணவுக்குப் போனது; நகரத்தில் 48 ரூபாய். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இது கிராமத்தில் 47 ஆகவும் நகரத்தில் 40க்குச் சற்றுக் கீழாகவும் இறங்கியிருக்கிறது. உணவுச் செலவுக்குள் நடந்திருக்கும் மாற்றம் இதைவிடப் பெரியது. மொத்தச் செலவின் 100 ரூபாயில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குக் கிராமத்தில் 5 ரூபாய்தான் ஆகிறது. நகரத்தில் 4 ரூபாய்கூட ஆவதில்லை. பானங்களுக்கும் நொறுக்குத் தீனிக்கும் தயார் உணவுக்கும் கிராமத்தில் 10 ரூபாய், நகரத்தில் 11 ரூபாய் போகிறது.

நம் பாட்டிமார் காலத்து வீட்டு நிர்வாகத்தின் பெரிய கவலை, அடுத்த அறுவடை வரை குதிரில் நெல் இருக்குமா என்பது. இன்று தானியம் கவலையில்லை. கவனிக்காமல் போகும் சில்லறைச் செலவுகளும், வாடிப்போகும் காய்கறியும், நேரமின்மையும்தான் கவலை. அதற்கேற்ப யோசனைகளும் குவிந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கு அட்டவணை போடச் சொல்கிறார்கள் சிலர். மொத்தமாக வாங்கச் சொல்கிறார்கள் சிலர். செயலியில் பட்டியல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் வேறு சிலர். இவற்றில் எது நம் வீடுகளுக்குப் பொருந்தும், எது பொருந்தாது, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் முறைகள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் வரும் நாள்

மாதம் ஒருமுறை மளிகை வாங்குவதுதான் சிக்கனம் என்ற அறிவுரை மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதிக்குள் மளிகைச் சீட்டு, அண்ணாச்சி கடையிலிருந்து மூட்டை என்ற ஒழுங்கு அவர்களுக்குச் சரி. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமை சம்பளம். அவருடைய திட்டம் வாரக் கணக்கில்தான் ஓட முடியும். வாரச் சந்தைதான் அவருக்கு ஏற்ற கடை. அன்றாடக் கூலி வாங்கும் கட்டட வேலைக்காரர் சாயங்காலம் கால் கிலோ பருப்பும் 50 மில்லி எண்ணெயும் வாங்குகிறார். சின்னப் பொட்டலத்துக்குக் கிலோ விலையில் கணக்குப் பார்த்தால் அவர் கொடுப்பது அதிகம். அது அவருக்குத் தெரியாதது அல்ல. மொத்தமாக வாங்கக் கையில் முதல் இல்லை என்பதே காரணம்.

ஆகவே முதல் விதி எளிது: பணம் எந்தச் சுழற்சியில் வருகிறதோ அந்தச் சுழற்சியில் திட்டம் இருக்க வேண்டும். கூலிக் குடும்பம் சிக்கனப்படுத்த விரும்பினால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாதக் கணக்குக்கு மாற்ற முயல்வதைவிட, வாரம் ஒரு பொருளை மட்டும் பெரிய அளவில் வாங்குவது நடக்கக்கூடிய வழி. ஒரு வாரம் பருப்பு, அடுத்த வாரம் எண்ணெய், அதற்கடுத்த வாரம் புளியும் மிளகாயும். இரண்டு மூன்று மாதத்தில் பொட்டல விலையிலிருந்து பெரும்பகுதி விடுபட்டுவிடலாம்.

இந்த இடத்தில் பொது விநியோகத்தின் பங்கைச் சொல்லாமல் விடக்கூடாது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கார்டு இருக்கிற வீடு எதுவானாலும் மளிகைச் சீட்டு எழுதும் முன் ரேஷனில் வாங்கியதைக் கழித்துவிட்டு எழுதுவதே முறை. ரேஷன் புழுங்கலரிசியை இட்லி மாவுக்கும் சாப்பாட்டுக்கும், பாமாயிலை அப்பளம் பொரிக்கவும் என்று பிரித்துப் பயன்படுத்தும் வீடுகள் இந்தக் கணக்கை வெகுகாலமாகச் செய்துவருகின்றன.

பஞ்சாங்கமும் பருவமும்

வாரத்துக்கு உணவு அட்டவணை போடுவது புதுப் பழக்கம் என்று நினைக்கிறோம். பல தமிழ் வீடுகளில் அது பஞ்சாங்கத்தில் எழுதப்படாமலே இருந்துவந்திருக்கிறது. செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது, சனிக்கிழமை சில வீடுகளில் கிடையாது, அமாவாசைக்கு வாழைக்காய், பூசணி, கிருத்திகைக்கு ஒருபொழுது, ஞாயிறு கறி அல்லது மீன். ஏழு நாளில் மூன்று நான்கு நாட்களின் சமையல் இப்படியே முடிவாகிவிடுவதால் தினமும் யோசிக்கும் சுமை பாதியாகிறது. நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதிலுள்ள உத்தியை எந்த வீடும் எடுத்துக்கொள்ளலாம்: கிழமைக்கு ஒரு வகையை நிலைநிறுத்திவிட்டு, அந்த வகைக்குள் காயை மட்டும் மாற்றுவது. திங்கள் சாம்பார், செவ்வாய் கீரைக் கூட்டு, புதன் புளிக்குழம்பு என்று வகை நிற்கும். சாம்பாரில் முருங்கையா முள்ளங்கியா என்பதைச் சந்தை விலை சொல்லும். பள்ளிகளில் அரசு நடத்தும் காலை உணவுத் திட்டம் வாரநாட்களுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைவாரியாக வைத்திருப்பதும் இதே உத்திதான்.

விலையும் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. மீன் விலை ஏறும், கருவாடும் முட்டையும் கைகொடுக்கும். புரட்டாசியில் கறிக்கடை காற்றாடும், காய்கறி விலை ஏறும். முகூர்த்த நாட்கள் நெருங்கினால் வாழை இலை, தேங்காய், காய்கறி எல்லாம் கூடும். ஆடியிலும் மார்கழியிலும் அந்த நெருக்கடி இல்லை. முருங்கைக்காய் மார்கழி, தை மாதங்களில் தொட முடியாத விலைக்குப் போய், வெயில் காலத்தில் கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கும். பெல்லாரி வெங்காயத்தில் பெரும்பங்கு ராபி பருவ விளைச்சல். அந்தக் கையிருப்பு தீர்ந்து புது வெங்காயம் வரும் இடைவெளியில், அதாவது செப்டம்பர் தொட்டு, விலை ஏறுவது கிட்டத்தட்ட ஆண்டுதோறும் காணும் காட்சி.

தக்காளி கொஞ்சம் முரண்டு பிடிக்கும் பொருள். கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி பெருமளவு ஆந்திரா, கர்நாடகப் பகுதிகளைச் சார்ந்தது. அங்கே மழை கெடுத்தால் சென்னையில் சட்டி காயும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. இத்தகைய வாரங்களுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் தக்காளி இல்லாத சமையல் ஐந்தாறு கைவசம் இருக்க வேண்டும்: மோர்க்குழம்பு, பொரித்த குழம்பு, மிளகுக் குழம்பு, பருப்புத் துவையல், பொரியலோடு தயிர் சாதம்.

வருஷ சாமான் என்று ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. தை தொடங்கிச் சித்திரைக்குள் புளி, ராமநாதபுரம் முண்டு மிளகாய், மல்லி, துவரை ஆகியவை வரத்து மிகுந்து வருகிற சமயம். அப்போதே வாங்கி வெயிலில் காயவைத்து, புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்து, மிளகாயை அரைத்து வைத்துவிடுவார்கள். மொட்டை மாடியும் இடமும் ஆளும் இல்லாத அடுக்கக வீட்டில் இது முழுதாக முடியாது. புளியும் மிளகாய்த்தூளும் மட்டுமாவது ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிவைத்தால் மாதச் சீட்டில் இரண்டு வரி குறையும்.

எவ்வளவு வேண்டும்?

மளிகைச் சீட்டு பெரும்பாலும் போன மாதத்துச் சீட்டின் நகலாகத்தான் எழுதப்படுகிறது. அளவு சரியா என்று சோதிக்க ஓர் அளவுகோல் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கொட்டை வகைகள் 35 கிராம் என்று மாதிரித் தட்டு தரப்பட்டிருக்கிறது.

நால்வர் கொண்ட வீட்டுக்கு இதை 30 நாளுக்குப் பெருக்கினால் வரும் கணக்கு: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 30 கிலோ, பருப்பு, பயறு, உளுந்து, கடலை எல்லாம் சேர்ந்து 10 கிலோ, எண்ணெய் மூன்றரை லிட்டர், காய்கறி வாரத்துக்கு 11 கிலோ, பால் நாளுக்கு ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குழந்தைகள், முதியவர், உடலுழைப்பு ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும். முட்டை, மீன், கறி சாப்பிடும் வீட்டில் பருப்பின் ஒரு பகுதியை அவை ஈடுசெய்யும்.

இந்தக் கணக்கைத் தங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களில் பலருக்கு அரிசியும் எண்ணெயும் கூடுதலாகவும், பயறும் காய்கறியும் குறைவாகவும் தெரியலாம். நாட்டின் பொதுநிலையும் அதுதான். நமக்குக் கிடைக்கும் ஆற்றலில் 50 முதல் 70 சதவீதம் தானியத்திலிருந்து வருகிறது என்றும், பருப்பும் மாமிசமும் சேர்ந்து 14 சதவீதம் தர வேண்டிய இடத்தில் 6 முதல் 9 சதவீதமே தருகின்றன என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டுப்படுவது கீரையும் பயறும் பழமுமாக இருந்தால் அந்தச் சிக்கனம் மருந்துக்கடையில் செலவாகும்.

கெடும் வரிசையில் சமைப்பது

மேல்நாட்டு அட்டவணைகள் உணவின் பெயரிலிருந்து தொடங்குகின்றன: வியாழக்கிழமை இன்ன உணவு, அதற்கு இன்ன பொருள் வாங்கு. நம் சமையலறைக்கு இது எதிர்த்திசை. இங்கே ஒரு வேளைக்குக் குழம்பு, பொரியல், ரசம் என்று மூன்று நான்கு இருக்கும். எந்தக் காயையும் எதிலும் போடலாம். எனவே என்ன வாங்கினோம், அதில் எது முதலில் கெடும் என்பதிலிருந்து தொடங்குவதுதான் இயல்பு.

சந்தைக்குப் போய்வந்த அன்று கீரை. அடுத்த இரண்டு மூன்று நாளில் வெண்டை, அவரை, புடலை, கத்திரி. நான்காம் ஐந்தாம் நாள் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ. கடைசியில் சேனை, கருணை, உருளை, பூசணி. அதற்கும் பிறகு எதுவும் இல்லையென்றால் வற்றல், அப்பளம், பருப்பு உருண்டைக் குழம்பு, வெந்தயக் குழம்பு. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் வீட்டுக்கு இந்த வரிசை தெரிந்தாலே தனியாக அட்டவணை தேவையில்லை. இடையில் ஒருநாள் விருந்தாளி வந்தாலும், வெளியே சாப்பிட்டாலும் வரிசை ஒருநாள் தள்ளிப்போகுமே தவிரக் குலையாது. கிழமைக்கு ஒரு வகை என்ற முறையோடு இதைச் சேர்த்துவிட்டால் இன்னும் எளிது.

இதே தர்க்கத்தின் மிகத் தேர்ந்த வடிவம் இட்லி மாவு. ஒருமுறை ஆட்டினால் முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளிப்பு ஏறினால் ஊத்தப்பம், பணியாரம். நான்கு நாள் பலகாரத்துக்கு ஒரு வேலை. கெடும் வேகத்தையே உணவு வகையாக மாற்றிக்கொண்ட திட்டம் இது. மிஞ்சிய சோறு பழைய சோறாவதும், மிஞ்சிய குழம்புகளைச் சுண்டவைத்துச் சுண்டக்குழம்பாக்குவதும், பீர்க்கங்காய்த் தோல் துவையலாவதும் இதன் நீட்சிகள்.

வீணாகும் உணவைப் பற்றி ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 79 கிலோ. இதில் தோல், எலும்பு, கொட்டை போன்ற உண்ண முடியாத பகுதிகளும் அடக்கம் என்பதால் நால்வர் வீட்டில் 220 கிலோ சாப்பாட்டைக் கொட்டுகிறோம் என்று பொருள்கொள்ளக் கூடாது. ஆனாலும் குறைக்க இடம் நிறைய உண்டு. குளிர்பதனப் பெட்டி கெடுவதைத் தள்ளிப்போடுகிறது; கூடவே, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறக்கவும் வைக்கிறது. சீக்கிரம் தீர்க்க வேண்டியதற்கென்று கண்ணெதிரே ஒரு தட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

எந்தக் கடை, எந்த விலை

ஒரே கடையில் எல்லாம் வாங்குவது நேரத்தை மிச்சம் பிடிக்கும். பணத்தை எப்போதும் மிச்சம் பிடிக்காது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் விவசாயியே விற்பதாலும், விலையைப் பலகையில் எழுதிவைப்பதாலும் பேரம் தெரியாதவருக்கும் நியாய விலை கிடைக்கிறது. காலையிலேயே போக வேண்டும் என்பதுதான் சிரமம். அண்ணாச்சி கடையில் கடன் உண்டு, கால் கிலோவும் உண்டு, பருப்பு நன்றாக இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கவும் முடியும். சூப்பர் மார்க்கெட்டில் பொருளைப் பார்த்து எடுக்கலாம். சீட்டில் இல்லாததையும் எடுத்துவிடுவோம் என்பதுதான் அங்குள்ள ஆபத்து. பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகள் அவசரத்துக்கு உதவும். கொத்துமல்லி மறந்துபோனதற்காகத் திறந்து, டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்க்க மேலும் நான்கு பொருள் சேர்க்கும்போது அந்த உதவிக்கு விலை கூடிவிடுகிறது.

விலையைப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். பாக்கெட் பொருட்களில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது விதி. உறையின் அளவுகளைக் கம்பெனிகள் விருப்பம்போல் வைத்துக்கொள்ள இன்று இடமிருப்பதால் இந்தச் சின்ன எழுத்து முக்கியம். எண்ணெய் ஒரு லிட்டர் என்பது சுமார் 910 கிராம். பார்வைக்கு அதே அளவாகத் தெரியும் உறையில் 800 அல்லது 850 கிராம் இருக்கலாம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம்பிக்கையையும் அந்த எழுத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அரிசி மூட்டையின் கதை சுவையானது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உறையிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. உடனே அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டையைக் கொண்டுவந்துவிட்டன. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு 26 கிலோ ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். வண்டு விழுந்தால் வரியில் மிஞ்சியது அரிசியில் போய்விடும். அண்டை வீட்டோடு பங்கிட்டுக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

கணிதமும் ஆராய்ச்சியும்

குறைந்த செலவில் நிறைந்த உணவு என்பது கணித அறிஞர்களையும் இழுத்த கேள்வி. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1945இல் 77 உணவுப் பொருட்களையும் ஒன்பது சத்துகளையும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆணுக்கு ஆண்டுக்கு 39.93 டாலரில் (1939 விலையில்) போதும் என்று கணக்கிட்டார். கோதுமை மாவு, கெட்டிப் பால், முட்டைக்கோஸ், பசலை, காய்ந்த பீன்ஸ்: இவ்வளவுதான் அந்த ஆண்டின் சாப்பாடு. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறையில் இதே கணக்கை மீண்டும் போட்டபோது 39.69 டாலர் வந்தது. ஸ்டிக்ளரின் மதிப்பீடு 24 சென்ட்தான் பிசகியிருந்தது. பிற்பாடு டான்ட்சிக் தன் உடல் எடையைக் குறைக்கக் கணினியிடம் உணவுப் பட்டியல் கேட்டபோது, அது 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. கொடுத்த நிபந்தனைகளின்படி விடை சரி. மனிதன் அதைச் சாப்பிட முடியாது. ருசியும் பழக்கமும் சலிப்பும் கணக்கில் சேராத எந்தத் திட்டத்துக்கும் இதுதான் கதி.

திட்டமிடுவதால் பயன் உண்டா என்பதற்குப் பெரிய ஆய்வு ஒன்று பிரான்சில் நடந்திருக்கிறது. 40,554 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான அந்த ஆய்வில், 57 சதவீதத்தினர் எப்போதாவதாவது உணவைத் திட்டமிடுவதாகச் சொன்னார்கள். அவர்களின் உணவில் வகைகள் கூடுதலாகவும், தரம் சற்று மேலாகவும், உடல்பருமனுக்கான வாய்ப்பு குறைவாகவும் காணப்பட்டது. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு என்பதால் திட்டமிடல்தான் இதற்குக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்களே திட்டமிடுபவர்களாகவும் இருக்கலாம். திட்டமிடல் கெடுதல் செய்யவில்லை, நன்மையோடு சேர்ந்தே காணப்படுகிறது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

யார் தலையில்?

இதுவரை பார்த்ததெல்லாம் பணக் கணக்கும் சத்துக் கணக்கும். உழைப்புக் கணக்கு பெரும்பாலான சிக்கன யோசனைகளில் வருவதே இல்லை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். சமைக்கும் நேரமும் கடைக்குப் போகும் நேரமும் இதில் அடங்கும். நினைவில் வைத்திருக்கும் வேலையை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் எழுதிய ஆய்வில் இந்த வேலையை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவன் மனைவி இருவரும் பெரும்பாலும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் மனைவி தலையிலேயே விழுகின்றன என்பது அவர் கண்டது.

நம் வீடுகளில் இது தெளிவாகத் தெரியும். "என்ன வாங்கணும்னு எழுதிக் குடு, வாங்கிட்டு வரேன்" என்று சொல்லும் ஆண் உதவி செய்வதாகவே நினைக்கிறார். எண்ணெய் எத்தனை நாள் வரும், உளுந்து எப்போது ஊறப்போட வேண்டும், மாமாவுக்கு எந்தக் காய் ஒத்துக்காது என்ற கணக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவரிடமே இருக்கிறது. அவர் நான்கு நாள் ஊருக்குப் போனால் வீட்டில் ஓட்டல் சாப்பாடு வருவதற்குக் காரணம், சமைக்கத் தெரியாதது மட்டுமல்ல. என்ன இருக்கிறது என்றே தெரியாததும்தான்.

மேலே பார்த்த முறைகளில் மோசமானது எதுவும் இல்லை. எல்லாமே ஒருவர் தலைக்குள் அடைபட்டிருப்பதுதான் குறை. வாரத்துக்கு மாறாத வகைகள், கெடும் வரிசை, ரேஷனைக் கழித்து எழுதும் சீட்டு, கிலோ விலையைப் பார்க்கும் பழக்கம் ஆகிய நான்கும் சராசரித் தமிழ்க் குடும்பத்துக்குப் போதுமான திட்டம். புதுச் செயலியோ வண்ண அட்டவணையோ தேவையில்லை. சமையலறைச் சுவரில் ஒரு தாளும் பென்சிலும் தொங்கட்டும். ஒரு பொருள் கால் பாகத்துக்கு இறங்கியதும், அதைக் கடைசியாக எடுத்தவர் தாளில் எழுதட்டும், அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் சரி. சந்தைக்குப் போகிறவரே சீட்டையும் தயாரிக்கட்டும். இதைப் படிக்கும் ஆண்கள் அடுத்த மாதத்துச் சீட்டை யாரையும் கேட்காமல், டப்பாக்களைத் திறந்து பார்த்துத் தாங்களே எழுத வேண்டும். வீட்டுச் சிக்கனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.